எழுத்துத்தானே

எங்களுடைய ஊரில் ‘எழுத்து’ என்றால் இரண்டு பொருள். ஒன்று, அ, ஆ என்று பள்ளிக்கூடத்தில் படிப்பது. மற்றது, பதிவாளர் வீட்டுக்கு வந்து பெரிய புத்தகத்தை விரித்து, மாப்பிள்ளையிடமும் பெண்ணிடமும் கையொப்பம் வாங்கிக்கொண்டு போவது. “அவளுக்கு எழுத்து முடிஞ்சுது” என்று யாராவது சொன்னால் கலியாணம் முடிந்துவிட்டது என்று ஒருவரும் விளங்கிக்கொள்ள மாட்டார்கள். பாதி முடிந்தது, மீதி தாலிகட்டு, அதற்கு நாள் பார்க்கவேண்டும், மண்டபம் பார்க்கவேண்டும் என்றுதான் விளங்கிக்கொள்வார்கள். எனக்கு எழுத்து முடிந்தது. அதற்குப் பிறகு கணினி வகுப்புக்குப் போனேன். இந்த இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்றுதான் கன காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை உடுப்பிட்டிக்காரர். பள்ளிக்கூடம் முடித்த கையோடு கனடாவுக்குப் போனவர். சாதகம் பொருந்தி, படங்கள் கைமாறி, வீடியோவில் நாலைந்து தரம் கதைத்த பிறகு லீவு எடுத்துக்கொண்டு வந்து இறங்கினார். எழுத்து எங்களுடைய கொக்குவில் வீட்டு ஹோலில் நடந்தது. நடுவில் ரயில் போனது. எங்கள் மதிலுக்குப் பின்னால்தான் தண்டவாளம். பதிவாளர் பேச்சை நிறுத்தி, ரயில் கடந்து போகும்வரை பேனையை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் இடையில் நின்றுபோன படம் மாதிரி இருந்தோம். பிறகு மோதிரம் மாற்றி, புகைப்படக்காரர் சொன்ன பக்கமெல்லாம் திரும்பி, பலகாரத் தட்டம் சுற்றிவந்தபோது அவர் என் பக்கம் சற்றுச் சாய்ந்து கேட்டார்.

“நீர் ஒண்டும் சாப்பிடேல்லையே?”

அதுவரை நான் அவருக்கு ‘நீங்கள்’. எங்கள் பக்கத்தில் புருசன் பெண்சாதியை ‘நீர்’ என்றுதான் பேசுவது வழக்கம். ‘நீ’ என்றால் கோபம், இல்லாவிட்டால் அளவுக்கு மிஞ்சின செல்லம். ‘நீங்கள்’ என்றால் பிறத்தி ஆள். நடுவில் ‘நீர்’ இருக்கிறது, அது வீட்டுக்குள் புழங்கும் சொல். கையொப்பத்தின் மை காயவில்லை, அதற்குள் ஆள் சொல்லை மாற்றிப்போட்டார் என்று மனதுக்குள் சிரித்தேன். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல இடம் வராது.

தாலிகட்டை விசாவுக்குப் பிறகு வைப்போம் என்றது அவருடைய வீட்டார். இரண்டு தரம் லீவு எடுப்பது கஷ்டம், விசா கையில் வரட்டும், ஒரேயடியாக வந்து தாலியைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போவார் என்றார்கள். கேட்ட எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. அம்மாவுக்கும் பட்டது. எனக்கும் பட்டது. அவர் திரும்பிப் போய் ஸ்பொன்சர் பத்திரங்களை நிரப்பினார். நான் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டேன். பல் வைத்தியர் ஒருவரின் கிளினிக்கில் நம்பர் துண்டு கொடுப்பது என்னுடைய வேலை. “எப்பிடியும் போகப்போற பிள்ளை, ஏன் உதிலை கிடந்து மினக்கெடுவான்?” என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்கள் யார் யார் என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. எல்லோரும் என்றுதான் ஞாபகம்.

வேலையை விட்டபிறகுதான் பகல் எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. முற்றத்தைக் கூட்டி, துணி தோய்த்து, மத்தியானச் சமையலும் முடிந்தபிறகு மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில் ஒரு பெரிய மைதானம் கிடக்கும். பின்னேரங்களில் அவர் போன் எடுப்பார். அங்கே அது காலை, வேலைக்குப் போகும் வழி. ஒருநாள் சொன்னார்:

“சும்மா இருக்கிறதுக்கு நீர் ஏதும் கொம்பியூட்டர் படியுமன். இஞ்சை வந்தாப் பிறகு உதவும்.”

அப்படித்தான் சேர்ந்தேன். விருப்பமும் இல்லை, வெறுப்பும் இல்லை. வகுப்பு யாழ்ப்பாணம் டவுனில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடி. கண்ணாடி யன்னலைச் சாத்தினாலும் கீழே கண்டக்டர்மார் ஊர்ப் பெயர்களைக் கூவுவது கேட்கும். படிக்க வந்தவர்கள் எல்லாம் ஏ.எல். சோதனை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள். படிப்பித்த மிஸ் என்னைவிட இளையவர். நான் அவரை ‘மிஸ்’ என்பேன், அவர் என்னை ‘அக்கா’ என்பார். இதில் யாருக்கு யார் மரியாதை கொடுக்கிறார் என்று கடைசிவரை தெளிவில்லை. வேகமாகக் கதைக்கிற, பொறுமை குறைந்த, நல்ல பெண்.

வகுப்பு தொடங்கிக் கொஞ்ச நாளில் விசா மறுக்கப்பட்டது. அவருக்கு வந்த பதிலின் சாரம் இதுதான்: இந்தக் கலியாணம் உண்மையான கலியாணம்தான் என்று நம்பப் போதுமான ஆதாரம் இல்லை. தாலி கட்டிய படம் இல்லை, மண்டபம் நிறைந்த சனம் இல்லை, ஒரே வீட்டில் இருந்ததற்கு ஒன்றுமில்லை. ஒரு ஹோல், ஒரு பதிவாளர், ஒரு தட்டம் பலகாரம். வெளியில் நின்று பார்க்கிற ஒருவருக்கு அப்படித்தான் தெரியும், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மேல்முறையீடு செய்ய வழி இருந்தது. அதை அவர்தான் அங்கிருந்து செய்யவேண்டும். என்னால் இங்கிருந்து ஒன்றும் செய்ய இயலாது.

“அப்பீல் போடுவம்,” என்றார். “ஒருத்தரோடை கதைச்சுப்போட்டுச் சொல்லுறன்.”

நான் காத்திருந்தது அதற்குத்தான். அப்பீல் போடுவாரா, மாட்டாரா. அம்மா கோயிலில் கேட்டதும் அதுதான், பக்கத்து வீட்டார் மதிலுக்கு மேலால் கேட்டதும் அதுதான். நான் மட்டும் கேட்கவில்லை. அவர் எடுக்கும்போது சாப்பாட்டைப் பற்றியும் அங்கத்தைய குளிரைப் பற்றியும் கதைத்தோம். ஒருகாலத்தில் தினமும் வந்த அழைப்பு, ஞாயிற்றுக்கிழமை அழைப்பாக மாறியது. எனக்குக் கவலையாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. ஊசி போட்டபிறகு பல் பிடுங்க உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன். கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள், அது தங்களுடைய கன்னம்தானா என்று. நான் அப்படி இருந்தேன்.

அந்த நாட்களில்தான் வகுப்பில் ‘அரே’ என்ற பாடம் தொடங்கியது. பாடப்புத்தகத் தமிழில் ‘அணி’. அணி என்றால் நகை, அணி என்றால் கிரிக்கெட் விளையாடுகிற பதினொரு பேர், இப்போது கணினிக்குள் வரிசையாக இருக்கிற பெட்டிகளும் அணி. மிஸ் வெள்ளைப் பலகையில் நீளமாக ஒரு பெட்டியைக் கீறி அதை அறைகளாகப் பிரித்தார்.

“அரே எண்டால் முதலே இடம் பிடிச்சு வைக்கிறது. பஸ்ஸிலை யன்னலாலை லேஞ்சியைப் போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. எத்தினை இடம் வேணும் எண்டு தொடக்கத்திலையே சொல்லிப்போட வேணும். ஆள் வராட்டிலும் இடம் இருக்கும்.”

“ஆள் வராட்டில் அதுக்குள்ளை என்ன இருக்கும், மிஸ்?” என்று நான் கேட்டேன்.

“சைபர் இருக்கும், அக்கா.”

“வெறுமையா இருக்காதோ?”

“இல்லை. இலக்கத்துக்கு எண்டு பிடிச்ச இடமெண்டால் கொம்பியூட்டர் தானாய்ச் சைபரைப் போட்டுவிடும்.”

கொப்பியில் எழுதிக்கொண்டேன். இப்போது இதை எழுதும்போது, அன்றைக்கு எனக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும் போலத்தான் இருக்கிறது. பிடித்து வைத்த இடம், வராத ஆள், தானாக வந்து உட்கார்ந்த சைபர். ஆனால் ஒன்றும் தோன்றவில்லை, அதுதான் உண்மை. அடுத்த வரியை எழுதினேன்.

வகுப்பில் எல்லோருக்கும் இடறியது, எண்ணிக்கை ஒன்றில் தொடங்காமல் சைபரில் தொடங்குவது. முதலாவது பெட்டியின் இலக்கம் சைபர், இரண்டாவதின் இலக்கம் ஒன்று. பிள்ளைகள் மல்லுக்கட்டினார்கள். எனக்கு அது மட்டும் ஒரே மூச்சில் விளங்கியது. கிளினிக்கில் நான் ஒன்றாம் நம்பர் துண்டைக் கொடுத்து, அந்த ஆள் எழும்பிக் கதவடிக்குப் போவதற்குள், டொக்டருக்குத் தெரிந்த ஒருவர் துண்டில்லாமல் சிரித்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். ஒவ்வொரு நாளும் ஒருவர். ஒன்றாம் நம்பர்க்காரர் என்னை முறைப்பார். ஒன்றுக்கு முதல் ஒரு ஆள் இருக்கிறது என்பது எனக்குப் புதிய சங்கதி இல்லை. இதை மிஸ்ஸிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அடுத்த வகுப்பிலிருந்து அதையே உதாரணமாகச் சொல்லத் தொடங்கினார்.

அதற்குமேல் நான் கெட்டிக்காரி இல்லை. ஐந்து பெட்டி இருக்கிற அணியில் கடைசிப் பெட்டியின் இலக்கம் நாலு. அதை மறந்து ஐந்தாம் இலக்கத்தைக் கேட்பேன். திரை சிவந்துபோய், அப்படி ஒரு இடம் இல்லை என்று சொல்லும். திருத்தினால் வேறொரு இடத்தில் சிவக்கும். கோபம் வந்திருந்தால் நல்லது. வரவில்லை. திருத்திவிட்டு மறுபடி ஓட்டினேன். வகுப்பு முடிந்து காங்கேசன்துறை வீதியால் பஸ்ஸில் வரும்போது படித்தது ஒன்றும் ஞாபகத்தில் இருக்காது. அடுத்த வகுப்பில் உட்கார்ந்ததும் கை தானாக அடிக்கும்.

பிறகு அந்தப் பயிற்சி வந்தது. ஒரு சொல்லை எடுத்து, அதன் எழுத்துகளை அணியில் ஒவ்வொன்றாகப் போட்டு, எத்தனை எழுத்து என்று எண்ணி, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு வரியில் காட்டவேண்டும். கடைசியில் திருப்பியும் காட்டவேண்டும். பிள்ளைகள் எல்லாம் ஆங்கிலத்தில் தங்கள் தங்கள் பெயரை அடித்தார்கள். எல்லோருக்கும் சரியாக வந்தது. நான் ஏனோ தமிழில் ‘யாழ்ப்பாணம்’ என்று அடித்தேன். ஏன் என்று கேட்டால் காரணம் இல்லை. யன்னலுக்குக் கீழே யாரோ அதைக் கூவியிருக்கலாம்.

விரலை மடித்துப் பார்த்தால் ஆறு எழுத்து. யா, ழ், ப், பா, ண, ம். கணினி பதினொன்று என்றது.

பிழை என்னுடையது என்றுதான் நினைத்தேன். கீழே வரிவரியாகக் காட்டியதைப் பார்த்தபோதுதான் விளங்கியது. ‘யா’ ஒரு வரியில் வரவில்லை. முதல் வரியில் ய. அடுத்த வரியில் அரவு, அதாவது துணைக்கால், மட்டும் தனியாக. ‘ழ்’ இல்லை, ழ ஒரு வரி, அதன் புள்ளி இன்னொரு வரி. தனியாக நின்ற அரவுக்கும் புள்ளிக்கும் பக்கத்தில் எழுத்து இல்லாத இடத்தில், பொட்டுப்பொட்டாக ஒரு சின்ன வட்டம் கீறப்பட்டிருந்தது. திருப்பிக் காட்டியதோ இன்னும் கேவலம். தலையில் ஒரு அநாதைப் புள்ளியோடு தொடங்கி ‘மணாப்ப்ழாய’ என்று யாரையோ திட்டுவது போல வந்தது.

“உந்த வட்டம் என்ன, மிஸ்?”

மிஸ் குனிந்து பார்த்தார். “அதோ? அரவு, புள்ளி எல்லாம் தனிய நிக்கேலாதுதானே, அக்கா. பக்கத்திலை எழுத்து இல்லாட்டில், இருக்கிற மாதிரி ஒரு வட்டத்தைக் கீறி அதிலை நிப்பாட்டும்.”

“அப்ப ஏன் அதை ஒரு ஆளாய் எண்ணுது?”

“கொம்பியூட்டருக்கு அது ஒரு ஆள்தான். ஒரு இடம் பிடிக்குதெல்லே. உதை விடுங்கோ, அக்கா. இங்கிலிஷிலை அடியுங்கோ, வரும்.”

நான் விடவில்லை. எனக்கே அது ஆச்சரியமாக இருந்தது. பல மாதமாக எந்த ஒன்றையும் விடாமல் பிடித்திருந்தது கிடையாது. யா என்பது ஒரு எழுத்து. முதலாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். அதைப் பிய்த்து இரண்டாக எண்ணுவதற்கு இவன் யார்? மரத்துப்போன கன்னத்தில் ஒரு மூலை மட்டும் விறுவிறுத்தது போல இருந்தது. நல்ல உணர்வு என்று சொல்லமுடியாது, ஆனால் உணர்வுதான்.

வீட்டிலிருந்த பழைய மடிக்கணினியில் அடுத்த சில கிழமைகள் அதோடுதான் கழிந்தன. மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவிலிருந்த மைதானம் சுருங்கிப்போனது. இரண்டாவதாக ஒரு அணியை உண்டாக்கினேன். முதல் அணியில் இடம் இடமாக நடந்து, அங்கே இருப்பது முழு எழுத்தென்றால் அதற்கு இரண்டாம் அணியில் ஒரு புதுப் பெட்டி கொடுக்கவேண்டும். அரவு, கொம்பு, புள்ளி போன்ற குறி என்றால் புதுப் பெட்டி கிடையாது, அதற்கு முன்னுக்கு நிற்கிற எழுத்தோடு சேர்த்து ஒட்டிவிடவேண்டும். எண்ணிக்கையைக் கூட்டக்கூடாது. சொல்ல இவ்வளவுதான். செய்யும்போது எத்தனை தரம் திரை சிவந்தது என்று கேட்காதீர்கள். ஒருதரம் எல்லா அரவுகளும் ஒரே ஒரு ‘ய’வின் முதுகில் ஏறி நின்றன. கடைசியாகச் சரிவந்த வரிக்கு மேலே, பிறகு மறந்துபோகாமல் இருக்க நானே தமிழில் குறிப்பு எழுதி வைத்தேன்: ‘குறி என்றால் எண்ணாதே.’

ஆறு என்று வந்தது. யா, ழ், ப், பா, ண, ம். ஒவ்வொன்றும் தன்னுடைய பெட்டிக்குள், வட்டம் ஒன்றும் இல்லாமல். சரியாகத் திருப்பினாலும் ‘ம்ணபாப்ழ்யா’ என்றுதான் வந்தது, அதை வாசிக்க ஒரு மனிதராலும் முடியாது, ஆனால் அது சரியான பிழை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, “யாழ்ப்பாணம் எண்டு கிடக்கு,” என்றார். “ஓம், அதுதான்,” என்றேன்.

அந்தக் கிழமை அவர் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை இல்லை, நடுக்கிழமை. நான் கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன்.

“நீங்கள் தேத்தண்ணி குடிச்சீங்களோ?” என்று கேட்டார்.

அந்த ஒரு சொல்லோடு எனக்கு முழுவதும் தெரிந்துபோனது. மற்றதெல்லாம் வெறும் விளக்கம். அப்பீல் என்று போனால் வருசக் கணக்கில் இழுபடும் என்றார். தனக்கும் வயது போகிறது என்றார். யாரோ ஒருவருடைய ஆலோசனை, அங்கத்தைய நிலைமை, அவருடைய அம்மாவின் உடம்பு. நான் உடுப்புகளை ஒவ்வொன்றாக மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

“எழுத்தைக் கான்சல் பண்ணுவம்,” என்றார். “அதுதான் ரெண்டு பேருக்கும் நல்லது. நீங்களும் உங்கடை வாழ்க்கையைப் பாக்க வேணுமெல்லே. அங்கை நீங்கள் கேஸ் போட்டால் கெதியாய் முடியும் எண்டு சொல்லுகினம்.”

“ஓம்,” என்றேன்.

“நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே?”

“ஏன் என்னை நீங்கள் எண்டு கதைக்கிறியள்?”

“அப்பிடியே கதைச்சனான்?” என்றார். தனக்கே தெரியாமல்தான் வாயில் வந்திருக்கிறது. தெரிந்து சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு நொந்திருக்காது.

உடுப்புகளை உள்ளே கொண்டுபோய் அலுமாரியில் வைத்தேன். அம்மா குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொன்னேன். அப்பீல் இல்லை, எழுத்தை முறிக்கச் சொல்கிறார் என்றேன். அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். என் முகத்தில் ஏதாவது தேடியிருப்பார். ஒன்றும் கிடைக்காததால் துணிந்து ஆறுதல் சொல்லத் தொடங்கினார்.

“விடு, பிள்ளை. எழுத்துத்தானே. தாலி ஏறேல்லைத்தானே. ஊருக்கு நீ இன்னும் குமர்ப்பிள்ளைதான். ஒண்டும் நடக்கேல்லை எண்டு நினை. வேறை இடம் பாப்பம்.”

அம்மா நல்லதைத்தான் சொன்னார். தன்னால் கொடுக்க முடிந்த பெரிய சலுகையை எடுத்துக் கொடுத்தார். நடந்தது கணக்கில் இல்லை, ஆகவே நட்டமும் இல்லை. அங்கே விசா அலுவலகத்தில் இருந்தவரும் அதைத்தான் சொல்லியிருந்தார். கான்சல் என்று சொன்ன அவரும் அதைத்தான் சொன்னார், ஏதோ பஸ்ஸுக்குப் புக்கிங் செய்த மாதிரி. எல்லோரும் ஒரே கணக்கு. இரண்டு வருடத்துக்கு மேல் ஒரு மனிதனுக்கு நான் ‘நீர்’ ஆக இருந்தேன். கனடாக் குளிருக்கு என்ன உடுப்பு வேண்டும் என்று எனக்குத் தெரியும், அவருக்கு எந்தக் கறி பிடிக்காது என்று தெரியும், எந்தச் சந்தியில் பஸ் மாறி வேலைக்குப் போவார் என்று தெரியும். அதற்கெல்லாம் ஒரு பெட்டி கிடையாதாம்.

குறி என்றால் எண்ணாதே. என் கையால் நானே எழுதிய வரி.

அன்றைக்கு எனக்கு அம்மாவில் கோபம் வந்தது. அவரில் வந்ததைவிட அம்மாவில் கூட வந்தது. சொல்லவில்லை. “வெங்காயத்தைத் தாங்கோ, நான் உரிக்கிறன்,” என்றேன். கண் எரிந்தது, அது வெங்காயம்தான். வேறு ஒன்றும் வரவில்லை.

அடுத்த வகுப்பில் என்னுடைய வேலையை மிஸ்ஸுக்குக் காட்டினேன். மிஸ் மகிழ்ந்துபோனார். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, பிள்ளைகளையும் கூப்பிட்டு, “வேறை ஒரு சொல்லைப் போட்டுப் பாப்பம்,” என்றார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஊரைச் சொன்னார்கள். நான் ‘எழுத்து’ என்று அடித்தேன். எ, ழு, த், து. நாலு என்று காட்டியது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் மறுபடி நிரலுக்குள் போய் இன்னொரு வரியைச் சேர்த்து ஓட்டினேன். இப்போது திரையில் இரண்டு இலக்கம் வந்தது. எழுத்து: 4. இடம்: 7.

“ஏனக்கா ரெண்டு கணக்கு? ஏழு பிழையெல்லே. அதைத் திருத்தத்தானே இவ்வளவு நாளும் கஷ்டப்பட்டனீங்கள்?”

“அதுவும் பிழையில்லை, மிஸ். அதுகளும் இடம் பிடிச்சதுகள்தானே.”

“ஓம், ஒருவகையிலை ரெண்டும் சரிதான்,” என்றுவிட்டு மிஸ் அடுத்த பிள்ளையின் மேசைக்குப் போனார். மேலே இருந்த அந்தத் தமிழ்க் குறிப்பை அழித்தேன். நிரலுக்கு அதனால் ஒரு மாற்றமும் இல்லை, குறிப்பைக் கணினி வாசிப்பதில்லை.

பிறகு ஒருநாள் அம்மாவும் நானும் டவுனில் ஒரு சட்டத்தரணியிடம் போனோம். அம்மாவின் வயது இருக்கும், நரைத்த கொண்டை போட்ட பெண்மணி. மேசையில் பைல்கள் குவிந்திருந்தன, மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் முனகியது. அம்மாதான் கதையைத் தொடங்கினார். எழுத்து மட்டும்தான், தாலிகட்டு நடக்கவில்லை, பிள்ளை ஒருநாளும் அங்கே போய் இருக்கவில்லை, சின்ன விசயம்தான், எழுத்தைக் கான்சல் பண்ணினால் காணும் என்று சொன்னார். சட்டத்தரணி முழுவதையும் கேட்டுவிட்டு அம்மாவுக்குப் பதில் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“இஞ்சை பாரும், பிள்ளை. கான்சல் எண்டு ஒண்டு இல்லை. பதிஞ்சால் அது கலியாணம்தான். சட்டத்துக்குத் தாலி கணக்கில்லை, மண்டபம் கணக்கில்லை. இண்டைக்கு வரைக்கும் நீர் அவரின்ரை மனுசி. விவாகரத்துத்தான் போட வேணும்.”

அப்போதுதான் அழுதேன். நாகரிகமாக இல்லை. வாயைத் திறந்து, சத்தம் போட்டு, பக்கத்து அறையில் தட்டச்சு நிற்கிற அளவுக்கு அழுதேன். விசா மறுத்த அன்று வராதது, அவர் ‘நீங்கள்’ என்ற அன்று வராதது, எல்லாம் ஒன்றாக வந்தது. அதை முறிக்கப்போகிற ஒருவரின் வாயிலிருந்துதான் முதல்முறையாக அது கலியாணம் என்று கேட்டேன்.

சட்டத்தரணி தடுமாறிவிட்டார். பேனையைக் கீழே வைத்தார்.

“உமக்கு விருப்பமில்லையெண்டால் இப்ப போட வேண்டாம். ஆறுதலாய் யோசிச்சுப்போட்டு வாரும்.”

“விருப்பம்தான்,” என்றேன். மூக்கால் ஒழுகியது. “போடுங்கோ.”

“பிறகேன் இப்பிடி அழுகிறீர்?”

அம்மா கைப்பையைத் திறந்து லேஞ்சியை எடுத்து என் மடியில் வைத்தார். அவருடைய கை அதிலேயே கொஞ்சநேரம் இருந்தது. பிறகு சட்டத்தரணியைப் பார்த்து மெல்லிய குரலில் சொன்னார்:

“அழட்டும், விடுங்கோ. கலியாணம் முறிஞ்ச பிள்ளை.”